நிகர எடை

காங்கேயத்துக்கும் வெள்ளகோவிலுக்கும் நடுவே
அறுபது டன் எடைமேடை.
கொப்பரை லாரிகள் ஏறி இறங்கும் அதன்மேல்
இன்றிரவு ஏழு மணிக்கு நவீன நடனம் என்றார்கள்.
"ஒரு மணி நேரந்தானுங், வாடகை வேண்டாம்,
ஆனா யாருக்கும் சீட்டுப் போட்டுக் குடுத்துராத அம்மிணி"
என்று முதலாளி சிரித்துவிட்டுப் போனார்.

உலர்களத்தில் நாற்பது பிளாஸ்டிக் நாற்காலிகள்.
கோயம்புத்தூரிலிருந்து வேனில் வந்தவர்கள் முன்வரிசையில்,
கொப்பரை உடைக்கும் பெண்கள் சுவரோரம்,
கையில் தேங்காய்ப் பொட்டு ஒட்டியிருக்க.
நான் என் கூண்டுக்குள்.
தூண் மறைப்பதால் எனக்குப் பாதி மேடைதான் தெரியும்.
மீதியைச் சிவப்பு எண்ணில் பார்ப்பது
ஆறு வருஷப் பழக்கம்.

ஒருத்தி வந்தாள்: 50.
இன்னொருவன்: 120.
மெதுவாக, ரிவர்ஸ் எடுக்கும் லாரியைப்போல்
தோளைத் திருப்பித் திருப்பி
ஐந்து பேர் ஏறியதும் 290.

பிறகு எண் என் பேச்சைக் கேட்கவில்லை.
ஓடினார்கள், 340, 210, 380.
சேர்ந்து குதித்தார்கள்,
இமைப்பொழுது 0.
அறுபது டன் இரும்பின்மேல் ஒருவரும் இல்லை.
விழுந்தபோது 700 காட்டி நடுங்கியது.
ஆடிக் காற்று வேறு பாலக்காட்டுப் பக்கமிருந்து
தகட்டைத் தட்டித் தட்டிப் பார்த்தது.

மெலிந்த பையன் ஒருவன்
தன்னைவிடப் பெரியவளைத் தோளில் ஏற்றினான்.
எழும் அந்த நொடியில் மட்டும் எண் ஏறிற்று.
நிமிர்ந்து நின்றதும் பழைய 290.
தூக்கியவன் கழுத்து நரம்பு புடைத்து
கண்ணாடி வழியே தெரிந்தது எனக்கு.
அதற்குக் கணக்கில் கட்டம் இல்லை.

அசைவு அடங்கினால்தான்
'நிலை' என்ற பச்சை விளக்கு எரியும்.
அது எரிந்தால்தான் எடை.
"வண்டிய ஆஃப் பண்ணுங்ணா, ஆட்டாம நில்லுங்ணா"
என்று நாளைக்கு ஐம்பது முறை மைக்கில் சொல்கிறவள் நான்.
முக்கால் மணி நேரம் எரியவில்லை.
பார்த்துக்கொண்டே இருந்தேன்,
மைக்கைத் தொடவில்லை.

கடைசியில் ஒவ்வொருவராகப் படுத்தார்கள்.
சோளக்காட்டில் சத்தம் ஓய்ந்தது போல ஓர் அமைதி.
பச்சை எரிந்தது.
விரல் தானாகப் போய் அழுத்திவிட்டது.
கிர்ரக் கிர்ரக் என்று பிரிண்டர் கத்தியது,
ஊரே கேட்கிற மாதிரி.
போச்சு என்று நாக்கைக் கடித்தேன்.
அதுவும் ஆட்டத்தில் சேர்த்தி என்று நினைத்து
எல்லோரும் கைதட்டினார்கள்.

கிழித்துப் பார்த்தேன்.
வண்டி எண்: காலி.
சரக்கு: கொப்பரை. மத்தியானம் அடித்தது, மாற்றவில்லை.
மொத்த எடை: 300.

முன்னூறா?
வேர்வை சிந்தியவர்களுக்குக் குறைய அல்லவா வேண்டும்?
கூண்டைவிட்டு இறங்கி
எனக்குத் தெரியாத பாதியைப் போய்ப் பார்த்தேன்.
படுத்திருந்த ஐவருக்கும் பக்கத்தில்
களத்து நாய் கால் நீட்டி
ஆறாவதாகக் கிடந்தது.
யாரும் விரட்டவில்லை.

வேன் போனது. நாற்காலிகளை அடுக்கினார்கள்.
ஒரு மணி நேரமாய் ஓரங்கட்டியிருந்த ரங்கராசு
லோடை ஏற்றினார், 24,610.
பச்சை. சீட்டு. நூற்றைம்பது ரூபாய்.
லாரியை இறக்கிச் சாலையோரம் நிறுத்திவிட்டு
திரும்பி வந்தார்.
ஏதாவது மறந்துவிட்டாரோ என்று பார்த்தால்
செருப்பைக் கழற்றி விட்டு
வெறும் மேடையின் நடுவில் போய் நின்றார்.
80.
அந்தப் பக்கம் இந்தப் பக்கம் பார்த்தார்.
லுங்கியை மடித்துக் கட்டினார்.

ஒரு குதி.

0, 190, 60, 110.
எண் நிற்கவே இல்லை.
"எவ்வளவு காட்டுதுங் அம்மிணி?" என்றார்
மூச்சு வாங்கியபடி.
கை மைக்குக்குப் போனது.
அசையாம நில்லுங்ணா என்று சொல்ல வாயெடுத்து,
"தெரியலீங்ணா," என்றேன்,
"இன்னொருக்கா குதிங்க."